பிடிஎஃப் என்றால் எந்த பிடிஎஃப்?

புள்ளியியல் தொடக்க வகுப்பொன்றில் "இந்தப் பரவலின் பிடிஎஃப் எது?" என்று நான் கேட்டதும், முன்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து பதிவிறக்கிய கோப்புகளுக்குள் தேடத் தொடங்கினார். நான் கேட்டது நிகழ்தகவு அடர்த்திச் சார்பை (probability density function); ஆனாலும் அவர் மீது பிழையில்லை. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்டு, 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆகிவிட்ட ஆவண வடிவத்துக்குத்தான் அந்த மூன்றெழுத்து இன்று முதற்பொருளாக நிற்கிறது. துகள் இயற்பியலாரிடம் போனாலோ, புரோட்டானின் உந்தத்தை அதனுள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்று சொல்லும் சார்புக்கும் அதே பெயர்தான்.

இந்தக் குழப்பங்கள் சூழலைப் பார்த்த உடனே தெளிந்துவிடும் என்பதால் அவை எனக்குக் கவலை தருவதில்லை. கணிதத்துக்கு உள்ளேயே இந்தச் சுருக்கம் செய்யும் தீங்குதான் பெரிது. நிகழ்தகவு அடர்த்திச் சார்பு என்று முழுமையாகச் சொல்லும்போது 'அடர்த்தி' என்ற சொல் காதில் விழுகிறது. பிடிஎஃப் என்று சுருக்கியதும் அது மறைந்துபோய், சார்பின் மதிப்பே நிகழ்தகவு என்ற எண்ணம் மாணவர் மனத்தில் குடியேறிவிடுகிறது.

அதே மாணவர் சில வாரங்களுக்குப் பின், திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) 0.1 மீட்டர் கொண்ட இயல்நிலைப் பரவலில் (மணி வடிவப் பரவலில்) வளைவரையின் உயரங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். சராசரிப் புள்ளியில் மென்பொருள் 3.99 என்று காட்டியது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்ட முடியாது என்று நன்றாகப் படித்திருந்த அவர், நிரலில் எங்கோ தவறு செய்துவிட்டதாக நம்பி ஒரு மாலைப்பொழுது முழுவதையும் அதைத் தேடுவதிலேயே செலவிட்டிருக்கிறார். தவறு எதுவும் இல்லை. வளைவரையின் கீழுள்ள மொத்தப் பரப்புதான் ஒன்றாக இருக்க வேண்டுமே தவிர, அதன் உயரத்துக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. நீளம் போல இடைவெளியின்றி எந்த மதிப்பையும் ஏற்கக்கூடிய தொடர் மாறி ஒன்று ஒரே ஒரு புள்ளியின் மதிப்பைத் துல்லியமாகப் பெறுவதற்கான நிகழ்தகவோ சுழியம்தான்.

தமிழ்ப் பெயர் இங்கே எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள். இடத்துக்கு இடம் அடர்த்தி மாறும் கம்பி ஒன்றின் ஏதோ ஓர் இடத்தில் நீள அடர்த்தி என்ன என்று தெரிந்தால் மட்டும் நிறை கிடைத்துவிடாது, அதை அங்குள்ள சிறு துண்டின் நீளத்தால் பெருக்க வேண்டும் என்பது பள்ளி இயற்பியல் படித்த எவருக்கும் புரியும். எண்ணிக்கை போலத் தனித்தனி மதிப்புகளை மட்டும் ஏற்கும் தனித்த மாறிகளுக்கு உரியதை நிகழ்தகவு நிறைச் சார்பு என்றே அழைக்கிறோம். அங்கே மதிப்பே நிகழ்தகவு. நிறை, அடர்த்தி என்ற இரண்டு சொற்களும் தங்கள் வேறுபாட்டைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. ஆகவே பாடக்குறிப்பு எழுதுவோர் முதல் பக்கத்தில் ஒருமுறை விரித்து எழுதியதோடு நிறுத்தாமல், கருத்து மனத்தில் ஊன்றும் வரையிலாவது முழுப்பெயரையே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று அந்த மாணவரை அதே தரவைச் சென்டிமீட்டருக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். திட்ட விலக்கம் 10 ஆனது, 3.99 இருந்த இடத்தில் 0.0399 வந்தது. பிறகு சராசரியை நடுவில் வைத்த ஒரு சென்டிமீட்டர் அகலத்தால் இரண்டையும் பெருக்கச் சொன்னேன்: முதல் கணக்கில் 3.99 பெருக்கல் 0.01, அடுத்ததில் 0.0399 பெருக்கல் 1. அந்த அகலத்துக்குள் மதிப்பு விழும் நிகழ்தகவாக இரண்டிலும் ஏறத்தாழ 0.04 வந்ததைக் கண்ட பிறகு, தன் குறிப்பேட்டில் பிடிஎஃப் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் மேலேயே முழுப்பெயரை எழுதிக்கொண்டார்.