நாக் கேட்காததை நாம்தான் கேட்க வேண்டும்

எங்கள் வட்டாரத்தில் சில திருச்சபைக் கல்லூரிகள் நாக் தர மதிப்பீட்டின் அடுத்த சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. "ஏ பிளஸ் வந்துவிடுமா மேடம்?" என்று பழைய மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வரட்டும், மகிழ்ச்சிதான். தரச்சான்று இல்லாவிட்டால் தன்னாட்சி கிடைக்காது, மத்திய நிதி வராது. விண்ணப்பம் வாங்க வரும் கிராமத்துப் பெற்றோரும் இப்போது "என்ன கிரேடு?" என்று விசாரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சான்றுக்காக நாம் எழுதி அனுப்பும் சுய ஆய்வு அறிக்கையில் சுய ஆய்வு இருக்கிறதா? இல்லை என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறேன். பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தென்மாவட்டத் திருச்சபைக் கல்லூரி ஒன்றின் தர உறுதிப் பிரிவில் இருந்து அந்த அட்டவணைகளை நிரப்பியவள். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நாக் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் ஏற்படுத்திய தர மதிப்பீட்டு அமைப்பு, தலைமையகம் பெங்களூரு. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் நலன், நிர்வாகம், விழுமியங்கள் என ஏழு அளவுகோல்கள். 2017இல் முறையை மாற்றினார்கள். அதன்பின் மதிப்பெண்ணில் ஏறக்குறைய 70 சதவீதம் நாம் பதிவேற்றும் எண்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு எண்ணையும் வெளியாட்கள் சரிபார்த்து, சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிக் கேட்பார்கள். மிச்சத்தைத்தான் ஆய்வுக் குழு பார்க்கிறது. இந்த மாற்றம் எனக்குப் பிடித்தே இருந்தது. குழுத் தலைவரின் மனநிலையையும் மதியச் சாப்பாட்டையும் நம்பியிருந்த காலம் போனது நல்லதே.

2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கு ஒன்றில் நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. அதைக் காட்டி, எல்லாமே ஏமாற்று, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வருகிறவர் யோக்கியராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம்மைப் பற்றி நாம் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டியது நம் பொறுப்பு. திருச்சபையின் பெயரைச் சூடியிருக்கும் கல்லூரிக்கு அந்தப் பொறுப்பு இன்னும் அதிகம். தன்னைத்தானே சோதித்தறிந்த பிறகே திருவிருந்துக்கு வர வேண்டும் என்று வேதாகமத்தில் பவுல் எழுதியதை ஆராதனையில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

சோதித்துப் பார்ப்பது என்றால் எதை வைத்து? நாம் எதற்காகத் தொடங்கப்பட்டோமோ அதை வைத்துத்தானே. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தது, தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று. அங்கே முளைத்த பள்ளியின் வேரிலிருந்துதான் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் வரலாற்றைத் தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் பெண்களுக்கான கல்லூரி ஒன்று பெயர் தாங்கியிருக்கும் சாரா டக்கர், இந்த மண்ணை ஒரு நாளும் மிதிக்காதவர். உடல் நலமில்லாமல் இங்கிலாந்தில் இருந்தபடியே நம் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர். படிப்பு மறுக்கப்பட்டவர்களைத் தேடிப்போனது நம் வரலாறு. நம்முடைய ஒவ்வொரு நூற்றாண்டு மலரிலும் முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்.

இனி அட்டவணைக்கு வருகிறேன். இரண்டாம் அளவுகோலில் மாணவர் சேர்க்கை விவரம் கேட்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர், பொது, மற்றவர் எனக் கட்டங்கள். ஐந்து ஆண்டு சேர்க்கைப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு நானும் அலுவலக உதவியாளர் தம்பி ஒருவரும் நிரப்பிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவியின் சாதிச் சான்றிதழ் நகல் வந்தது. பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று இருந்தது. தம்பி கொஞ்சம் தயங்கி, "இவரை எதில் போடுவது மேடம்?" என்று கேட்டார். சட்டப்படி பிற்படுத்தப்பட்டோர் கட்டத்தில்தான் போட வேண்டும். போட்டார். அந்தக் கட்டத்தின் கூட்டுத்தொகையில் ஒன்று கூடியது. அந்தப் பிள்ளை அதற்குள் மறைந்துபோனாள். அடுத்த நகலும் அதே மாதிரிதான். அதற்கடுத்து இன்னொன்று.

இதில் அந்தத் தம்பியின் தவறு எதுவும் இல்லை, நாக் தவறும் இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 2004இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். பேராயர்கள், குருவானவர்கள், அருட்சகோதரிகள் எல்லோரும் தெருவில் இறங்கி, "எங்கள் மக்களைப் பட்டியலில் சேருங்கள்" என்று அரசிடம் கேட்கிறார்கள். நானும் வெயிலில் நின்று முழக்கமிட்டிருக்கிறேன். அதே திருச்சபை நடத்தும் கல்லூரியில் தலித் கிறித்தவ மாணவர்கள் எத்தனை பேர், எந்தெந்தத் துறைகளில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் அங்கேயே ஆசிரியராகத் திரும்பி வந்தார்கள் என்று கேட்டால் ஒரு பக்கக் கணக்குகூட எங்களிடம் இல்லை. டெல்லி எண்ண மறுக்கிறது என்று போராடும் நாம் நம் வீட்டுக்குள் எண்ணிப் பார்த்ததே இல்லை!

சிறுபான்மை நிறுவனம் என்பதால் நமக்குக் கூடுதல் கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு நம் கல்வி நிறுவனங்களை நாமே நடத்தும் உரிமையைத் தந்தது. 15(5) பிரிவு தனியார் கல்லூரிகளுக்கான இடஒதுக்கீட்டுக் கடப்பாட்டிலிருந்து சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கும் தந்தது. யாரைச் சேர்ப்பது என்ற அதிகாரம் நம் கையில் இருக்கும்போது, யாரைச் சேர்த்தோம் என்று வெளிப்படையாகச் சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

அடுத்தது ஆசிரியர்கள். அறிக்கையில் முழுநேர ஆசிரியர் பட்டியல் ஒன்றே ஒன்று. வரிசை எண், பெயர், தகுதி, பணியில் சேர்ந்த ஆண்டு. மாணவர் ஆசிரியர் விகிதம் நன்றாக இருக்க வேண்டும் என்பதால் அரசு உதவி பெறும் பிரிவையும் சுயநிதிப் பிரிவையும் சேர்த்துத்தான் காட்டுவோம். ஆனால் சம்பளப் பதிவேடுகள் இரண்டு. ஒன்று கருவூலத்துக்குப் போகும். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டுமே 57,700 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. இன்னொன்று நிர்வாகக் கணக்கு. எங்கள் கல்லூரியில் அந்த அடிப்படை ஊதியத்தில் பாதியைக்கூட எட்டாமல், முனைவர் பட்டமும் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்றவர்கள் மாலை ஷிப்ட் நடத்தினார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. அதே பாடத்திட்டம், அதே விடைத்தாள் கட்டு, அதே நாக் வேலை. சொல்லப்போனால் நாக் வேலையில் பெரும்பகுதியை இழுத்துப் போட்டுச் செய்தவர்களே அவர்கள்தான். இரவு எட்டு மணிக்குக் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, இருப்பிடக் குறியோடு எடுத்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பதிவேற்றிக்கொண்டிருந்த ஓர் இளம் ஆசிரியையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆறாம் அளவுகோலில் ஊழியர் நலத் திட்டங்களை எழுதச் சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கக் கடன், பண்டிகை முன்பணம், ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பு என்று வரிசையாக எழுதுவோம். அந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாமே உதவி பெறும் பிரிவினருக்கு உரியவை. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். "கேட்காததை நாமே எழுதி மார்க்கைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?" என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்டவர் இல்லை. கல்லூரிக்காக உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்தான். ஆனாலும் அந்தப் பதிலை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. கூலி மறுக்கப்பட்டவர்களின் கூக்குரலைப் பற்றி யாக்கோபு எழுதியதை வைத்து ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர்களின் நிர்வாகம் இது.

நிர்வாகத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம். பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபை வட்டாரமான திருமண்டலத்தில் தேர்தல் முடிந்து அணி மாறினால் தாளாளர் மாறுகிறார். தாளாளர் மாறினால் துறைத் தலைவர் முதல் இரவுக் காவலர் வரை கலக்கம். ஒரு பணியிடம் காலியானால் என்ன விலை என்று சபை மக்களே பேசிக்கொள்கிறார்கள். அறிக்கையிலோ பேராயரில் தொடங்கி அம்புக்குறிகளோடு இறங்கும் அழகான நிர்வாக வரைபடமும், பங்கேற்பு நிர்வாகம் என்ற தலைப்பில் இரண்டு பத்தியும் இருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. அறிக்கையின் சுருக்கத்தில் நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, சவால் என்று நான்கு தலைப்புகளில் எழுத வேண்டும். மனம் திறந்து எழுத நாக் தானாகவே தரும் இடம் அது. பலவீனம் என்ற தலைப்பின் கீழ் நாம் என்ன எழுதுகிறோம் தெரியுமா? "மாணவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தைச் சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள், ஆங்கிலத் திறன் குறைவு." இப்படிப்பட்ட வரியைப் பல கல்லூரிகளின் அறிக்கைகளில் படித்திருக்கிறேன். எங்கள் வரைவிலும் இருந்தது. யாருக்காக இந்தக் கல்லூரியைக் கட்டினார்களோ அந்தப் பிள்ளைகளையே கல்லூரியின் பலவீனம் என்று எழுதிப் பெங்களூருக்கு அனுப்புகிறோம். பீடித் தொழிலாளியின் மகள் ஆங்கிலம் தெரியாமல் வருவது அவள் நமக்குச் செய்த கெடுதலா? அவள் மூன்று ஆண்டு நம்மிடம் படித்த பிறகும் தெரியாமல் போனால் அது நம் பலவீனம், அதை எழுதலாம். அந்த வரியை நீக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நீக்கினார்கள். அதற்குப் பதிலாக, தொழில் நிறுவனங்களோடு தொடர்பு போதவில்லை என்ற வரி வந்து உட்கார்ந்தது.

ஏ பிளஸ் பிளஸ் முதல் இறங்கும் எழுத்துத் தரங்களை விட்டுவிட்டு, சான்று உண்டு அல்லது இல்லை என்ற இரட்டை நிலைக்கு மாறப்போவதாக 2024இல் நாக் அறிவித்தது. எழுத்துக்காக ஓடும் ஓட்டம் அதனால் குறையுமானால் நல்லது. ஆனால் எந்த முறை வந்தாலும் நம் வேலையை நாக் செய்து தராது. எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான அட்டவணையில் நம் ஸ்தாபகர்களின் நோக்கத்துக்கு ஒரு கட்டம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அதற்குத்தான் ஏழாம் அளவுகோலில் நிறுவனத்தின் தனித்தன்மை என்று ஓர் இடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே நாம் மரம் நட்டதையும் யோகா நாளையும் முழு ஆளுமை வளர்ச்சியையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சுற்றுக்குத் தயாராகும் கல்லூரிகளின் தாளாளர்களிடமும் முதல்வர்களிடமும் நான் கேட்பது மூன்று அட்டவணைகள்தான். முதலாவது, கடந்த ஐந்து ஆண்டுகளில் சேர்ந்த தலித் கிறித்தவ மாணவர்கள் எத்தனை பேர், படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று துறைவாரியாக ஒரு கணக்கு. இரண்டாவது, சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் ஊழியர்களும் பெறும் ஊதியம், ஆண்டில் எத்தனை மாதத்துக்கு என்பதோடு. மூன்றாவது, அதே ஐந்து ஆண்டுகளில் நடந்த நியமனங்கள்: விளம்பரம் வந்த தேதி, விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் யார். யாருடைய தனிப்பட்ட விவரத்தையும் வெளியிட வேண்டியதில்லை. நாக்குக்கு அனுப்ப மனமில்லாவிட்டால் அனுப்ப வேண்டாம். கல்லூரி ஆட்சிக்குழுவின் முன்பும் திருமண்டலப் பெருமன்றத்தின் முன்பும் வையுங்கள். சேர்க்கைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஆட்சிக்குழுத் தீர்மானப் புத்தகம் மூன்றும் முதல்வர் அறைக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கின்றன. எங்கள் கல்லூரிக்கு இதைக் கடிதமாகவே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் கல்லூரிக்கும் எழுத விரும்பும் பழைய மாணவர்கள் கேட்டால் அதன் நகலை அனுப்புகிறேன்.