பன்றியின் எதிர்ப்புப் புரதங்களுக்குக் கிருமிகள் பழகாதா?

"பன்றியின் உடலே சுரக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தைத் தீவனத்தில் கலந்தால் போதும், ஆன்டிபயாடிக்கே வேண்டாம், இதற்கு எந்தக் கிருமியும் பழகாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை.

புரதங்கள் இருப்பது நிஜம். 1991-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பன்றிக் குடலிலிருந்து பிஆர்-39 என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1993-இல் பன்றியின் வெள்ளையணுக்களிலிருந்து புரோட்டெக்ரின் என்ற இன்னொன்று கிடைத்தது. அது பாக்டீரியாவின் மேலுறையைத் துளைத்தே கொன்றுவிடும். அருமையான விஷயம்தான், மேலும் ஆராயப்பட வேண்டும்.

ஆனால் "பழகாது" என்பது ஆபத்தான தவறு. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாருங்கள். பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்து என்றாலும், அதுவும் புரோட்டெக்ரினைப் போல மேலுறையைத் தாக்கும் பெப்டைடுதான், அதாவது சிறு புரதம் போன்ற ஒரு பொருள்தான். சீனாவில் பன்றிகள் சீக்கிரம் வளர அதைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2015-இல் எம்சிஆர்-1 என்ற மரபணு அங்கே பன்றிகளிடம் கண்டறியப்பட்டது. மேலுறையின் மின்னூட்டத்தை மாற்றி, மருந்தை ஒட்டவிடாமல் செய்யும் மரபணு அது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். வளர்ச்சிக்காகக் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதை 2017-இல் சீனா தடை செய்தது.

அப்புறம், தீவனத்தில் போகும் பெப்டைடுகள் பலவற்றைச் செரிமான நொதிகளே சிதைத்துவிடும். அதனால் நோயில் கிடக்கும் பன்றிக்கு, இந்தச் செய்தியை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்; கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை டென்மார்க் 2000-க்குள் கைவிட்டது, இந்தப் புரதங்கள் எதுவும் இல்லாமலேயே.