பலதார மணம் மட்டுமா காரணம்?
அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சமயத்தின் அடிப்படைவாதக் குழுக்களில் நடந்த கொலைகளுக்கெல்லாம் பலதார மணம்தான் வேர் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியொரு குழுவின் தலைவரான எர்வில் லெபாரன் 1972-இல் மெக்சிகோவில் ஆள் வைத்துக் கொன்றது சொந்த அண்ணன் ஜோயலை. 1977-இல் யூட்டாவில் அவர் அனுப்பிய இரண்டு பெண்கள் மருத்துவ நிலையத்துக்குள் புகுந்து ருலன் ஆல்ரெட்டைச் சுட்டார்கள். ஆல்ரெட்டும் பலதார மணக் குழு ஒன்றின் தலைவர்தான். கொன்றவர், செத்தவர் இரு பக்கமும் அதே வழக்கம் இருந்ததே! சண்டையெல்லாம் யார் உண்மையான தீர்க்கதரிசி என்பதில்தான். சரி, எர்வில் 1981-இல் சிறையில் இறந்ததோடு முடிந்ததா? இல்லை. கொல்ல வேண்டியவர்கள் என்று அவர் எழுதி வைத்த பட்டியலைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஆட்கள் 1988 ஜூன் 27 அன்று டெக்சாஸில் நாலு பேரைக் கொன்றார்கள். அதில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. அப்பாவோடு கூடப் போனவள், சாட்சியாகிவிடுவாள் என்று அவளையும் சுட்டுவிட்டார்கள்.