மென்தோல் சிகரெட் "இலேசானது" அல்ல

"மென்தோல் சிகரெட்டில் நிக்கொட்டின் குறைவு, தடிமனுக்கும் நல்லது, அதுக்கு மாறினால் மெல்ல விட்டிடலாம்" என்று வன்னியில் வட்ஸ்அப் குழுக்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் ஒரு கதை உலாவுகிறது. மூன்றும் பிழை.

மென்தோல் என்பது புதினாவில் உள்ள, குளிர்ச்சி உணர்வு தரும் பொருள். அது தொண்டையைக் குளிர வைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, குளிர்வதுபோல மூளையை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். புகையின் காரம் தெரியாததால் இருமல் வராது, இழுப்பு ஆழமாகும். இருமல்தான் புதிதாகப் பழகும் பெடியனைத் தடுக்கும் முதல் வேலி. மென்தோல் அந்த வேலியைப் பிடுங்கிவிடுகிறது. அடிமையாக்கும் பொருளான நிக்கொட்டின் 10 முதல் 20 செக்கனில் மூளைக்குப் போய்விடும். உடல் அதைக் கரைக்கும் வேகத்தையும் மென்தோல் குறைக்கிறது. தாரும் காபனோரொட்சைட்டும் மற்றச் சிகரெட்டில் போலவே இருக்கும். தடிமன் நேரத்தில் மூக்கு திறந்ததுபோலத் தோன்றுவதும் அதே உணர்வுதான், வீக்கம் வற்றாது.

2020 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் மென்தோல் சிகரெட்டைத் தடைசெய்தது இதற்காகத்தான்.

விட விரும்புபவர்கள் மாறிப் பார்க்க வேண்டாம், நாள் குறித்து நிறுத்துங்கள். முதல் 3 நாட்கள்தான் கடுமை: எரிச்சல், நித்திரையின்மை, பசி. ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் தணியும். தண்ணீர் குடியுங்கள், எழும்பி நடவுங்கள். காலையில் எழும்பி 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு அடிமைத்தனம் கூட, அவர் வைத்தியரிடம் தோலில் ஒட்டும் நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி பற்றிக் கேட்கட்டும். நாளுக்கு 10க்கு மேல் புகைப்பவருக்கு வழமையாக 21 மில்லிகிராமில் தொடங்கி, கிழமைக் கணக்கில் 14, 7 என்று இறக்குவார்கள்.