கேமராவுக்காக போனை மாற்றாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டி, "நாலு வருஷமாச்சு, கேமரா மங்கிப்போச்சு, புதுசு வாங்கணும்" என்றார். இரவில் எடுத்த படங்களைக் காட்டினார். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு வெளிச்சக் கோடு சாய்வாக நீண்டு படத்தையே கிழித்துக்கொண்டு போனது. முகங்களின் மேல் வெண்மையாக ஒரு மூட்டம். போனைத் திருப்பி, லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடி மேல் விரல் ரேகை, வரிவரியாக எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாக ஒட்டியிருந்தது. விரல் எந்தத் திசையில் இழுபட்டதோ, அதற்குக் குறுக்காகத்தான் அந்த வெளிச்சக் கோடு விழும். சுத்தமான பருத்தித் துணியின் முனையில் லேசாக ஊதி இரண்டு முறை துடைத்துக் கொடுத்தேன். அதே விளக்கை மறுபடி எடுத்தார். கோடும் இல்லை, மூட்டமும் இல்லை.

பழைய போன்களின் கேமரா பற்றி வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் அனுபவம். நாலைந்து வருடத்தில் லென்ஸும், வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சென்சாரும் தேய்ந்துபோவதில்லை. தேய்வது பேட்டரி, நிரம்புவது ஸ்டோரேஜ், நின்றுபோவது அப்டேட். பழியை மட்டும் கேமராவின் மேல் போடுகிறோம்.

என் போனையே சொல்கிறேன். மூன்றாவது வருடத்தில், 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் சட்டென்று அணைந்துவிடும். கேமரா கோளாறு என்றே நினைத்தேன். விஷயம் வேறு. லித்தியம் அயான் பேட்டரி வயதாக ஆக அதன் உள்தடை (மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே தடுக்கும் தன்மை) ஏறிக்கொண்டே போகும். கேமரா, திரை, ஃபிளாஷ், பிராசசர் எல்லாம் ஒரே நொடியில் மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் தடாலென்று இறங்குகிறது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. பேட்டரி மட்டும் மாற்றினேன். அப்புறம் மூன்று வருடம் ஓடிவிட்டது, இன்னும் ஓடுகிறது.

பேட்டரிக்கு ஆயுள் உண்டு என்பதைத் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முறை முழுதாக சார்ஜ் ஆன பிறகு 80 சதவீதக் கொள்ளளவு, ஐபோன் 15 முதல் 1000 முறை என்பது ஆப்பிள் கொடுக்கும் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், 800 முறைக்குப் பிறகும் 80 சதவீதம் நிற்க வேண்டும் என்று விதியே போட்டுவிட்டது. 500 முறை என்பது தினமும் ஒரு முழு சார்ஜ் போடுபவருக்கு ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆக, மூன்றாவது வருடத்தில் போன் தள்ளாடினால் முதலில் செட்டிங்ஸில் பேட்டரியின் நிலையைப் பாருங்கள். புது மாடல் விளம்பரத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்டோரேஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிரம்பி வழிந்தால் கேமரா திறக்கவே திணறும். பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள். படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, பிறகு அழியுங்கள்.

கேமராவின் உறுப்பே கெட்டுப்போகும் ஒரு சூழல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி ஓட்டுவது. கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸை மிதக்கவிட்டிருக்கும் அமைப்பு, எஞ்சின் அதிர்வைத் தொடர்ந்து வாங்கினால் பழுதாகலாம் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்தது. தினமும் அப்படி மாட்டுபவர்கள் அதிர்வைத் தாங்கும் மவுண்டாவது பயன்படுத்துங்கள்.

சரி, அப்டேட்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. 2018இல் கூகுள் 'நைட் சைட்' என்ற இரவு வசதியைக் கொண்டுவந்தபோது, அது 2016இல் வந்த முதல் பிக்ஸல் போனுக்கும் கிடைத்தது. அதே லென்ஸ், அதே சென்சார், இரண்டு வருடம் பழையது. ஒரே காட்சியைப் பல முறை படம் பிடித்து ஒன்றாகக் கோக்கும் கணக்கு மட்டும் புதிது. நேற்று வரை இருட்டாக வந்த இடம் இன்று படமாக வந்தது. இந்தக் கணக்குதான் போன் கேமராவின் உண்மையான பலம். எதிர் வெளிச்சத்தில் நிற்கும் ஒருவரை, முகமும் வானமும் சேர்ந்து தெரிய எடுப்பதில் பாக்கெட்டில் அடங்கும் பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்கள் போனிடம் தோற்றுத்தான் போகும்.

2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன, பெரும்பாலும் காம்பாக்ட். அந்தச் சந்தையைப் போன் விழுங்கியது நியாயமானதே. அந்தக் கால மலிவு காம்பாக்டில் இருந்த 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். இன்றைய நல்ல போனின் முதன்மை சென்சார் அதைவிடப் பெரியது. "பழைய டிஜிகேம் (டிஜிட்டல் கேமரா) வாங்கினால் இரவுப் படம் அழகாக வரும்" என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

ஆனால் போனால் முடியாதவை சில உண்டு. முதலாவது தூரம். 12 மெகாபிக்சல் படத்தை டிஜிட்டல் ஜூமில் 5 மடங்கு வெட்டினால் மிஞ்சுவது அரை மெகாபிக்சல்கூட இல்லை. ஒரு நாள் காலை, மின்கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் போனில் முழு ஜூமில் எடுத்தேன். தண்ணீரில் கரைந்த நீலச் சாயம் போல ஒரு திட்டு. என் பையில் இருந்த 30 மடங்கு ஜூம் காம்பாக்டை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அலகின் நுனியில் மாட்டியிருந்த மீனின் கண் தெரிந்தது. அந்தக் கேமராவின் சென்சார் என் போனுடையதைவிடச் சிறியதுதான். பகல் வெளிச்சம் இருந்தால் போதும், கண்ணாடி செய்யும் வேலையைக் கணக்கால் செய்ய முடியவில்லை.

இரண்டாவது, அறைக்குள் ஓடும் குழந்தை. இரவு வசதி பல படங்களைச் சேர்ப்பதால், குழந்தையின் கை ஆவி போலக் கலைந்து வரும். காம்பாக்டின் செனான் ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு வினாடி அளவில் பளிச்சிட்டு மறைகிறது. குதித்த கால் அந்தரத்திலேயே நிற்கும். போனில் இருப்பது எல்இடி விளக்கு, அதற்கு இந்த வேகமும் பலமும் கிடையாது.

மூன்றாவது, ஒரு அங்குல சென்சார் கொண்ட காம்பாக்ட். பெயர்தான் ஒரு அங்குலம், அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். அப்படியும் மலிவு காம்பாக்டைவிட நான்கு மடங்கு பரப்பு. இந்த வகைக் கேமராவான சோனி ஆர்எக்ஸ்100 2012இல் வந்தது. அதில் எடுக்கும் படம் வந்த அன்று எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே இருக்கும். எந்த அப்டேட்டுக்காகவும் அது காத்திருப்பதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். கேமரா ஆசை வந்தால் போனுக்குப் புது பேட்டரி போடுங்கள், பக்கத்தில் ஒரு பழைய காம்பாக்டை வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹாண்டில் வாங்கும்போது லென்ஸை நாலைந்து முறை வெளியே வரவிட்டு உள்ளே போகவிட்டுக் காதால் கேளுங்கள். மணல் புகுந்திருந்தால் நறநறவென்று சத்தம் வரும். வெள்ளைச் சுவரை முழு ஜூமில் எடுத்துப் பாருங்கள், உள்ளே தூசி இருந்தால் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். அந்த மாடலுக்குப் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

போனை ஓய்வெடுக்க விடவேண்டிய நேரமும் உண்டு. பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டால் வங்கிச் செயலிகளை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறமும் ஆவணம் ஸ்கேன் செய்ய, வெப்கேமாக வைக்க, பாட்டுக் கேட்க அது உதவும். இருபத்துநாலு மணி நேரமும் சார்ஜரிலேயே போட்டு மட்டும் வைக்காதீர்கள், பேட்டரி உப்பிவிடலாம். பின்பக்கம் உப்பித் தூக்கிக்கொண்டு நின்றால் அன்றே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம்.

வீட்டு அலமாரியில் பழைய காம்பாக்ட் கிடந்தால் இன்று எடுத்து சார்ஜ் போட்டுப் பாருங்கள். மாடல் பெயரைக் கீழே எழுதினால், அதில் எது நன்றாக வரும், எது வராது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.