திரும்பி வந்தால் வாடகை, செத்துப்போனால் விலை

பழைய ரோமில் கூட்டம் பார்க்க ஆயுதத்தோடு மோதிய கிளாடியேட்டர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கட்டைவிரல்தான். சக்கரவர்த்தி விரலைக் கீழே காட்டினால் சாவு, மேலே காட்டினால் உயிர். 1872-ல் ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் தீட்டிய படம்தான் இந்தக் காட்சியை உலகம் முழுக்கப் பரப்பியது. சினிமா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. என்னை உலுக்கியது அந்த விரல் இல்லை, ஒரு வாடகைக் கணக்கு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியச் சட்ட அறிஞர் கயஸ், சட்டம் படிக்கிற மாணவர்களுக்காக எழுதிய பாடத்தில் ஒரு கேள்வி வருகிறது. ஒருவர் தன்னிடம் இருக்கும் கிளாடியேட்டர்களை விழா நடத்துபவரிடம் ஒப்படைக்கிறார். முழு உடம்போடு திரும்பி வரும் ஒவ்வொருவருக்கும், அவர் சிந்திய வியர்வைக்காக, 20 தினாரி (ரோமானிய வெள்ளிக் காசு). செத்தவர் அல்லது ஊனமானவர் ஒவ்வொருவருக்கும் 1000 தினாரி. இது வாடகையா, விற்பனையா? கயஸ் சொல்லும் விடை: நல்லபடியாகத் திரும்பியவரைப் பொறுத்தவரை வாடகை, செத்தவரைப் பொறுத்தவரை விற்பனை. சண்டை முடிந்த பிறகுதான் எது என்று தெரியும்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் அண்டா குண்டாவுக்கு நாம் போடுகிற கணக்கு இதுதான். திருப்பிக் கொடுத்தால் வாடகை, உடைத்துவிட்டால் முழு விலை. வகுப்பில் உட்கார்ந்து இதைப் படித்த மாணவர்களில் யாருக்கும் இதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அது ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு சிக்கலான கணக்கு, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. யூடியூபில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "கிளாடியேட்டர்கள் நாம் நினைக்கிற மாதிரி சாகவே இல்லை. நல்ல சாப்பாடு, நல்ல டாக்டர், ரசிகர் கூட்டம். இன்றைய மல்யுத்த ஷோ மாதிரிதான்" என்கிறார்கள். சொல்கிற தகவலில் பாதி சரி. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் செத்தே ஆக வேண்டும் என்று விதி கிடையாது. கி.பி. முதல் நூற்றாண்டில் களத்தில் இறங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் ஒரு சண்டையில் இறந்திருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் மதிப்பீடு. நடுவர் இருந்தார். தோற்றவர் விரலை உயர்த்திச் சரணடையலாம். கூட்டம் சம்மதித்தால் உயிரோடு அனுப்பிவிடுவார்கள். ரோமின் பெரிய அரங்கமான கொலோசியத்தை கி.பி. 80-ல் டைட்டஸ் சக்கரவர்த்தி திறந்து வைத்தபோது பிரிஸ்கஸ், வேரஸ் என்ற இருவர் விட்டுக்கொடுக்காமல் மோதி, கடைசியில் இருவருமே ஒரே நேரத்தில் சரணடைந்தார்கள். இருவருக்கும் வெற்றியும் கிடைத்தது, விடுதலையின் அடையாளமான மரவாளும் கிடைத்தது.

சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. துருக்கியில் எபேசஸ் நகரத்தை ஒட்டி 1993-ல் ஒரு கிளாடியேட்டர் இடுகாட்டைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த எலும்புகளைச் சோதித்ததில் அவர்கள் பெரும்பாலும் பார்லியும் பயறும் சாப்பிட்டது தெரிந்தது. ரோமில் அவர்களைக் கேலியாகக் கூப்பிட்ட பெயரே "பார்லி தின்னிகள்" என்பதுதான். செடிச் சாம்பலைக் கரைத்து ஒரு பானமும் குடித்திருக்கிறார்கள். பல எலும்புகளில் முறிவு அழகாகக் கூடியிருந்தது. நல்ல வைத்தியம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். மருத்துவ வரலாற்றில் பெரிய பெயரான கேலன், 157-ல் பெர்கமம் நகரத்து கிளாடியேட்டர்களுக்குத்தான் மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தார். தனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தைவிடத் தன்னிடம் சாவு வெகுவாகக் குறைந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறார். அந்தப் பெருமை நியாயமானதுதான்.

ஆனால் ஏன் இவ்வளவு அக்கறை? அந்த 1000 தினாரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு ரோமானியப் படைவீரருக்கு வருடச் சம்பளமே சுமார் 300 தினாரி. ஒரு கிளாடியேட்டர் செத்தால் விழா நடத்துபவருக்கு மூன்று வருடச் சம்பளத்துக்கு மேல் கைவிட்டுப் போகும். பார்லியும் வைத்தியரும் இரக்கத்தால் வந்ததில்லை. போட்ட பணத்தைக் காப்பாற்றினார்கள். அதே எபேசஸ் மண்டையோடுகளில் திரிசூலம் இறங்கிய துளைகளும் இருக்கின்றன. சிலவற்றில் சதுரமாக ஒரு துளை. தேறமாட்டார் என்று தெரிந்தவரின் தலையில் சுத்தியலால் அடித்து முடித்திருக்கிறார்கள். வைத்தியம் பார்த்த அதே ஏற்பாடுதான் இதையும் செய்தது.

ரசிகர் கூட்டம் இருந்ததும் உண்மை. எரிமலையில் புதைந்துபோன ரோமானிய ஊரான பாம்பேயியில் கிளாடியேட்டர்கள் தங்கிய கட்டிடத்துச் சுவரில், செலாடஸ் என்பவரைப் பெண்களைப் பெருமூச்சு விட வைப்பவர் என்று கீறி வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் ஒரு விளம்பரமும் இருக்கிறது. ஏப்ரல் 8 முதல் 12 வரை லுக்ரேஷியஸ் சாட்ரியஸ் வாலன்ஸ் என்ற பெரிய மனிதர் 20 ஜோடி, அவருடைய மகன் 10 ஜோடி, மிருக வேட்டையும் உண்டு, வெயிலுக்குப் பந்தலும் உண்டு. அதை எழுதிய ஆள் ஓரத்தில் தன் பெயரையும் போட்டிருக்கிறார்: எமிலியஸ் கெலர், தனி ஆளாக, நிலா வெளிச்சத்தில் எழுதியது. நம் ஊர்ச் சுவர் விளம்பரக்காரர் மூலையில் பெயர் போடுவதேதான். எழுதியவர் பெயர் இருக்கிறது, செலவு செய்தவர் பெயர் இருக்கிறது. அந்த 30 ஜோடியில் ஒருவர் பெயர்கூட இல்லை.

களத்துக்கு வெளியே அவர்களுக்கு என்ன மரியாதை? சட்டப்படி அவர்கள் இழிந்தவர்கள். ஊர் மன்றத்தில் உறுப்பினராக முடியாது. விலைமகளிரையும் நடிகர்களையும் எந்த வரிசையில் வைத்தார்களோ அதே வரிசை. இத்தாலியில் சார்சினா என்ற ஊரில் ஹொராத்தியஸ் பால்பஸ் என்பவர் ஊர்க்காரர்களைப் புதைக்க நிலம் தானம் கொடுத்திருக்கிறார். நல்ல காரியம். ஆனால் கல்வெட்டிலேயே ஒரு நிபந்தனை: கூலிக்குக் கிளாடியேட்டராகத் தன்னை ஒப்படைத்தவர்களுக்கும், தூக்கு மாட்டிக்கொண்டவர்களுக்கும், இழிதொழில் செய்து பிழைத்தவர்களுக்கும் அங்கே இடம் கிடையாது. செத்துக் கிடக்கும் கிளாடியேட்டரின் ரத்தத்தை வலிப்பு நோய்க்கு மருந்து என்று குடித்தார்கள். அவர் ரத்தம் வேண்டும், அவரைப் புதைக்க ஆறடி நிலம் தர மனசு வராது. எந்த மல்யுத்த ஷோவில் இது நடக்கிறது?

அதனால்தான் அவர்களுடைய சொந்தக் கல்லறைகளைப் படிக்கச் சொல்கிறேன். ரசிகர் எழுதியதும் தத்துவ ஞானி எழுதியதும் வேறு, இவை கூடவே வாழ்ந்தவர்கள் வெட்டி வைத்தவை.

சிசிலியில் ஒரு கல். பெயர் ஃப்ளாமா, சிரியாக்காரர், வயது 30. சண்டை 34. வெற்றி 21, சமன் 9, தோற்றும் உயிரோடு விடப்பட்டது 4. கல்லை நட்டவர் டெலிகாட்டஸ், கூட ஆயுதம் ஏந்திய தோழர். நான்கு முறை விடுதலை கொடுத்தும் வேண்டாம் என்று மறுத்த மாவீரர் என்று இவரைப் பற்றி இணையம் முழுக்க ஒரு கதை ஓடுகிறது. கல்லில் அப்படி எதுவும் இல்லை. அந்த 4 என்பது நான்கு தடவை தோற்று, கூட்டத்தின் முன் மண்டியிட்டு, உயிரோடு அனுப்பப்பட்டதன் கணக்கு. விடுதலை வேண்டுமா என்று அவரை யாரும் கேட்டதாகக் கல் சொல்லவில்லை. இப்படிக் கதை கட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

மிலானில் இன்னொரு கல். உர்பிகஸ், பிளாரன்ஸ்காரர், 13 சண்டை, வயது 22. கல்லை வைத்தது ஏழு வருடம் கூட வாழ்ந்த மனைவி லௌரிசியா. அவர் விட்டுப்போன மகள் ஒலிம்பியாஸுக்கு அப்போது ஐந்து மாதம். அதே கல்லில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: ஜெயித்தவன் தோற்றவனைக் கொன்றுவிட வேண்டும். எப்போதோ இவர் உயிரோடு விட்டவனே திரும்பி வந்து இவரை முடித்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு வீடு இப்படி ஒரு வரியைக் கல்லில் வெட்டச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

கருங்கடல் கரையில் அமிசஸ் ஊரில் புதைக்கப்பட்ட டியோடோரஸின் கல் இன்னும் கசப்பானது. எதிராளி டெமெட்ரியஸை வீழ்த்திய பிறகும் உடனே கொல்லாமல் விட்டேன், விதியும் நடுவரின் வஞ்சகமும் சேர்ந்து என்னைக் கொன்றன என்கிறது. தன் தொழிலுக்கு ஒரு நேர்மை உண்டு, அதை நடுவர் மீறினார் என்பதுதான் அந்த மனிதரின் புகார். எல்லாப் பக்கமும் பொருளாக நடத்தப்பட்டவர்கள், தங்களுக்குள் மட்டும் ஒரு தர்மத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

எல்லோரும் அடிமைகள் இல்லை, சுயவிருப்பத்தோடு சேர்ந்தவர்களும் உண்டு என்று சொல்வார்கள். உண்டு. கடனிலும் வறுமையிலும் வந்தவர்கள் பலர். சுட்டாலும், கட்டினாலும், அடித்தாலும், வாளால் வெட்டினாலும் பொறுப்பேன் என்று சத்தியம் செய்துதான் உள்ளே வர முடியும். இப்படி ஒரு சத்தியத்தை வயிறு நிறைந்தவர் எத்தனை பேர் செய்வார்கள்?

மறுத்தவர்களும் இருந்தார்கள். அடிமைக் கலகத்துக்குத் தலைமை தாங்கிய கிளாடியேட்டர் ஸ்பார்ட்டகஸை எல்லோருக்கும் தெரியும். கி.மு. 73-ல் கபுவா பயிற்சிக் கூடத்திலிருந்து சமையலறைக் கத்திகளோடு சுமார் 70 பேர் தப்பியது, இரண்டு வருடம் கழித்து கலகம் தோற்றபோது, பிடிபட்ட 6000 பேரை ரோமுக்குப் போகும் அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தது. அந்த அளவுக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி ரோமானியத் தத்துவ ஞானி செனெக்கா எழுதியிருக்கிறார். மிருகங்களோடு சண்டையிடப் பயிற்சியில் இருந்த ஒரு ஜெர்மானியர். காவலில்லாமல் போக முடிந்த ஒரே இடம் கழிப்பறை. அங்கே கழுவுவதற்கு வைத்திருந்த, பஞ்சு கட்டிய குச்சியைத் தன் தொண்டைக்குள் திணித்து உயிரை விட்டார்.

325-லேயே கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி இந்தச் சண்டைகளைக் கண்டித்து ஆணை போட்டுவிட்டார். நின்றுவிடவில்லை. 393-ல் சிமாக்கஸ் என்ற செல்வந்த செனட்டர், மகன் பதவியேற்கும் விழாவுக்காக சாக்சன் என்ற ஜெர்மானிய இனத்துக் கைதிகளை வரவழைத்தார். களத்தில் இறங்குவதற்கு முன் அவர்களில் 29 பேர் கயிறுகூட இல்லாமல் வெறும் கையால் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துச் செத்தார்கள். சிமாக்கஸ் எழுதிய கடிதம் இருக்கிறது. ஸ்பார்ட்டகஸ் கும்பலைவிட மோசமான ஆட்கள் என்று திட்டிவிட்டு, இவர்களுக்குப் பதிலாக லிபியாவிலிருந்து மிருகங்கள் கிடைத்தால் போதும் என்கிறார். கயஸின் பாடத்துக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவில் இருநூறு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. கணக்கு போடும் விதம் மட்டும் மாறவே இல்லை.