விடைத்தாளைக் கொண்டு வாருங்கள்

இரண்டு நாளாக அந்தப் படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளின் கற்றலை எப்படி மதிப்பிடுவது என்று ஆசிரியர்களுக்கு நடத்தும் மதிப்பீட்டுப் பயிற்சி, பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்வரிசையில் தலை கவிழ்ந்து உறங்கும் ஓர் ஆசிரியை. மேலே, "மக்கள் வரிப்பணம் உறங்குகிறது" என்று ஒரு வரி. என் சித்தப்பா மகனே அதை எனக்கு அனுப்பியிருந்தான், சிரிப்புப் பொம்மை போட்டு. அவனுக்குப் பதில் அனுப்பவில்லை. இங்கே எழுதுகிறேன்.

19 ஆண்டுகளாக நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். மதிப்பீட்டுப் பயிற்சி என்று எத்தனைக்குப் போயிருப்பேன், நினைவில்லை. ஒன்றில்கூட, ஒரு பிள்ளை தன் கையால் எழுதிய விடைத்தாளை நடுவில் வைத்து, "இவன் எங்கே தடுக்கினான், சொல்லுங்கள்" என்று யாரும் கேட்டதில்லை. ஒன்றில்கூட இல்லை.

2012-13இல், ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. கற்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் தேர்வு வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. நல்ல ஏற்பாடு, இன்றும் அப்படித்தான் சொல்வேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு கேட்பதும் இதைத்தான். ஆனால் பயிற்சியில் நாங்கள் கற்றது, பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எந்த எண் வர வேண்டும் என்பதை. பருவம் முடியும் வாரத்தில் உட்கார்ந்து வரிசையாக 17, 18 என்று நிரப்பினால் அதில் எந்தப் பிள்ளை வளர்ந்ததை அறிந்தோம்? நானும் நிரப்பியிருக்கிறேன், மறைக்கவில்லை. இப்போது அதை நிரப்பச் செயலி வந்துவிட்டது. பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரம் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதிலேயே போகிறது.

பயிற்றுநரை நான் குறை சொல்லவில்லை. மாநில அளவில் சிலருக்குச் சொல்லி, அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்லி, அப்புறம் வட்டாரத்துப் பள்ளிகளுக்குப் பயிற்சி நடத்தும் வட்டார வள மையம் வழியாக எங்களிடம் வருகிறது. மேலே கேள்வி கேட்டு விவாதித்தது எல்லாம் கீழே வரும்போது ஸ்லைடாகிவிடுகிறது. அதை வாசித்துக் காட்டுவதைத் தவிர அவரும் என்ன செய்வார்?

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். 52இல் 27 கழித்தால் 35 என்பான். 63இல் 29 போனால் 46. 41இல் 18 போனால் 37. மூன்றுக்கும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, "கவனம் தேவை" என்று எழுதினேன். அரையாண்டுக்கும் அதே எழுதினேன். ஓய்வு பெறப் போகிற ஒரு மூத்த ஆசிரியை என் மேசையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவனைக் கூப்பிட்டு எப்படிப் போட்டான்னு கேட்டியா?" என்றார். கேட்டேன். "சின்னதுலேர்ந்து பெருசு போகாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அதான் பெருசுலேர்ந்து சின்னதைக் கழிச்சேன்" என்றான். அவனிடம் கவனக்குறைவே இல்லை. ஒரு விதியை, நான் சொன்ன விதியை, மூன்று கணக்கிலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறான். பத்து குச்சிகள் கொண்ட ஒரு கட்டை அவிழ்த்து, கடன் வாங்குவதைக் காட்டியதும் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. அதற்கு முன் ஆறு மாதம் அவனுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அந்த ஐந்து நிமிடம்தான் என் வாழ்நாளில் நான் பெற்ற மதிப்பீட்டுப் பயிற்சி. கையில் ஒரு விடைத்தாள் இருந்ததால் அது நடந்தது.

அதன் பிறகு நானாகத் தேடிப் படித்ததில் ஒன்று. 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுத்ததும் குறிப்பின் பலன் போய்விட்டது. ஒரு பயிற்சியிலாவது எங்களை உட்கார வைத்து, ஒரு தாளுக்கு என்ன குறிப்பு எழுதுவீர்கள் என்று எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

"அதற்காகத் தூங்கலாமா?" என்பீர்கள். கூடாதுதான், சரி. "தனியார் பள்ளியில் இப்படி நடக்குமா?" அந்த ஒப்பீட்டுக்குள் நான் வரவில்லை. "நாங்கள்தானே சம்பளம் தருகிறோம்" என்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாற்காலியைத் தெரியும். முந்தின நாள் மாலை வரை வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் ஒன்பது மணிக்கு அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் எங்களில் உண்டு. ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. 50 என்ன, 100 மணி நேரம் தாருங்கள், வருகிறேன். விடைத்தாளைக் கொண்டு வாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று நாடு முழுவதும் பார்க்க 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் எங்கள் பள்ளியும் இருந்தது. மாவட்ட அறிக்கை வந்தது, சராசரி வந்தது. என் பிள்ளை எந்தக் கேள்வியில் தடுக்கினான் என்று ஒரு துண்டுச் சீட்டு எனக்கு வரவில்லை. ஆனால் சராசரி குறைந்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நான்.

இன்னொன்று, நேற்றிரவு என்னைத் தூங்கவிடாதது. அந்தக் கூடத்தில் வெளியாள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தவர் எங்களில் ஒருவர். பக்கத்தில் தூங்குகிறவரைத் தொட்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கத் தோன்றவில்லை, போனை எடுக்கத் தோன்றியிருக்கிறது.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு என் வகுப்பின் 31 கழித்தல் தாள்களைப் பையில் எடுத்துப் போகிறேன். மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருப்பேன். உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். படம் எடுத்தவரும் வரலாம்.